கண்ணில் பட்ட பந்து, கால் போன சாம்பியன், 40 நிமிடத்தில் கோப்பை: தெரியுமா உங்களுக்கு?

ஐப்பசி, கார்த்திகையில் செய்தி கேட்பவர்களுக்கு எங்கள் ஊர்ப் பெயர் மனப்பாடம். புழல் ஏரியில் உபரி நீர் திறப்பு என்றதும் அறிவிப்பாளர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆரம்பிப்பார்: நாரவாரிக்குப்பம், வடகரை, கிராண்ட்லைன், வடபெரும்பாக்கம், மஞ்சம்பாக்கம், கொசப்பூர், மணலி... மூச்சு முடிகிற இடத்தில் சடையங்குப்பம்! தண்ணீர் வடிந்ததும் பெயரும் வடிந்துவிடும். 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். ஆனாலும் வரிசையில் நாங்கள் கடைசிதான்.

டென்னிஸிலும் இப்படிக் கடைசியில் வாசிக்கப்படும் பெயர் ஒன்று உண்டு, தெரியுமா? கலப்பு இரட்டையர்! விம்பிள்டன் செய்தி என்றால் முதலில் ஆண்கள் ஒற்றையர், பிறகு பெண்கள் ஒற்றையர், அப்புறம் இரட்டையர், நேரம் மிச்சமிருந்தால் கலப்பு இரட்டையர். ஆணும் பெண்ணும் ஜோடி சேர்ந்து ஆடுவது. ஏதோ பொழுதுபோக்கு என்று பலர் தலைப்பைக்கூடப் படிக்காமல் தாண்டிவிடுவார்கள்.

தாண்டாதீர்கள். கிராண்ட்ஸ்லாமில் இந்தியாவின் முதல் கோப்பையே அந்தக் கடைசி வரியில்தான் வந்தது!

1997 ஜூன், பாரிஸ், பிரெஞ்சு ஓபன். இறுதிப் போட்டியில் எதிர்ப்பக்கம் அமெரிக்காவின் பேட்ரிக் கால்பிரைத், லிசா ரேமண்ட். இந்தப் பக்கம் ஜப்பானின் ரிகா ஹிராகி, அவரோடு 23 வயது நிரம்பியும் நிரம்பாமலும் ஓர் இளைஞர். 6-4, 6-1. முடிந்தது ஆட்டம்! கிராண்ட்ஸ்லாம் பட்டம் வென்ற முதல் இந்தியர் அவர்தான்: மகேஷ் பூபதி. அவர் பிறந்த ஊர்? சென்னை! அந்த நாளைய மெட்ராஸ், 1974 ஜூன் 7. அந்தப் பிறந்த தேதியை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேலை இருக்கிறது.

இதே மெட்ராஸிலிருந்து போன ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 என்று அடுத்தடுத்த இரண்டு வருடம் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். விஜய் அமிர்தராஜ் 1973-லும் 1981-லும் காலிறுதி. வாசல்படி வரை போய்ப் போய்த் திரும்பிய ஊர் இது. பூபதியும் லியாண்டர் பயஸும் ஆண்கள் இரட்டையரில் ஜெயித்துக் குவித்தது 1999-ல். அதற்கு இரண்டு வருடம் முன்பே கதவைத் தள்ளித் திறந்தது இந்தக் கலப்பு இரட்டையர்.

அந்த முதல் கோப்பையையும் சேர்த்து 2017 வரை இந்தியர் கைக்கு வந்த கலப்பு இரட்டையர் கிராண்ட்ஸ்லாம் கோப்பைகள் எத்தனை என்று நினைக்கிறீர்கள்? ஐந்து? பத்து? இருபது! பயஸ் 10, பூபதி 8 (அதில் இரண்டு சானியா மிர்சாவோடு), சானியா பிரேசிலின் புரூனோ சோரஸோடு 1, ரோகன் போபண்ணா 1. இருபதில் ஆறு விம்பிள்டனில் வந்தவை. ஒற்றையரில்? பெரியவர்கள் பிரிவில் இன்றுவரை ஒன்றும் இல்லை. இப்போது சொல்லுங்கள், எது பொழுதுபோக்கு?

சரி, விம்பிள்டனுக்குப் போவோம். 1877-ல் அங்கே ஆண்கள் ஒற்றையர் மட்டும்தான். 1884-ல் பெண்களுக்கு ஒற்றையரும் ஆண்களுக்கு இரட்டையரும் வந்தன. கலப்பு இரட்டையர் சாம்பியன்ஷிப் ஆட்டமாக உள்ளே நுழைந்தது எப்போது தெரியுமா? 1913-ல்! 36 வருடம் வெளியே நின்றது. அயர்லாந்துக்காரர்கள் டப்ளினில் 1879-லேயே ஆணையும் பெண்ணையும் சேர்த்து ஆடவிட்டு அழகு பார்த்தாயிற்று. லண்டன்காரர்களுக்குத்தான் யோசனை.

அந்த 1913 இறுதிப் போட்டி இருக்கிறதே, கதை கேளுங்கள். ஹோப் கிரிஸ்ப், ஆக்னஸ் டக்கி ஜோடி ஒரு பக்கம். ஜேம்ஸ் பார்க், எத்தல் லார்கோம் ஜோடி மறுபக்கம். முதல் செட்டை 3-6 என்று இழந்தது கிரிஸ்ப் ஜோடி. இரண்டாவது செட்டில் 5-3 என்று ஏறிக்கொண்டிருந்தபோது, லார்கோமின் கண்ணில் பந்து வந்து பட்டது! தொடர முடியாமல் விலகினார். ஆக, விம்பிள்டன் கலப்பு இரட்டையரின் முதல் சாம்பியன்கள் கடைசிப் புள்ளி ஆடாமலேயே சாம்பியன் ஆனவர்கள்.

அடுத்த வருடம் போர். 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வந்து நம் துறைமுகத்தின் எண்ணெய் டாங்குகளைச் சுட்டுக் கொளுத்தியது வடசென்னைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை; கெட்டிக்காரப் பயலை இன்றைக்கும் 'எம்டன்டா அவன்' என்கிறோம். அதே உலகப் போரில்தான் கிரிஸ்ப் ஒரு காலை இழந்தார். சாம்பியன் கதை அதோடு சரி என்றுதானே நினைப்போம்? செயற்கைக் கால் மாட்டிக்கொண்டு மறுபடியும் டென்னிஸ் ஆட வந்துவிட்டார்!

அவர் ஜோடி ஆக்னஸ் டக்கி சும்மா இருந்தாரா? 1931-லும் 1932-லும் திரும்ப விம்பிள்டன் கலப்பு இரட்டையரில் இறங்கினார். பக்கத்தில் ஜோடியாக நின்றது யார்? அவர் பெற்ற மகன் ரேமண்ட்! அம்மாவும் பிள்ளையும் ஒரே வலைக்கு இந்தப் பக்கம். "அம்மா, அது என் பந்து" என்று அந்தப் பையன் ஒரு தடவையாவது கத்தியிருக்க மாட்டானா? 1936-ல் ரேமண்ட் ஆண்கள் இரட்டையரில் பட்டம் வென்றார்.

குடும்பக் கதை என்று எடுத்தால் இந்த ஆட்டத்தில் அள்ள அள்ள வருகிறது. கணவனும் மனைவியும் ஜோடியாக ஆடி விம்பிள்டன் வென்றது ஒரே ஒரு முறை: 1926, லெஸ்லி காட்ஃப்ரீ, கிட்டி காட்ஃப்ரீ. நூறு வருடத்துக்கு மேல் ஆடியும் இரண்டாவது தம்பதி இல்லை! இதில் எனக்கு ஆச்சரியமே கிடையாது. பைக்கில் போகும்போது இடது பக்கமா வலது பக்கமா என்பதிலேயே எத்தனை வீட்டில் பேச்சு நின்றுபோகிறது. அண்ணன் தங்கைகள் பரவாயில்லை. 1980-ல் ஜான் ஆஸ்டின், டிரேசி ஆஸ்டின். 2004-ல் ஜிம்பாப்வேயின் வெய்ன் பிளாக், காரா பிளாக். இந்த காரா பிளாக்தான் பின்னால் நம் பயஸோடு சேர்ந்து மூன்று கிராண்ட்ஸ்லாம் அடித்தவர்.

துறைமுகத்துப் பக்கம் வளர்ந்தவர்களுக்குக் கப்பல் கதை என்றால் சோறு வேண்டாம். டைட்டானிக் கப்பலில் ஒரு டென்னிஸ் வீரர் இருந்தார், தெரியுமா? பெயர் ரிச்சர்ட் நோரிஸ் வில்லியம்ஸ், வயது 21. கப்பலோடு அப்பா போய்விட்டார். மகன் பனிக்கட்டித் தண்ணீரில் கிடந்து மீட்கப்பட்டபோது கால்கள் இரண்டும் விறைத்திருந்தன. மீட்ட கப்பலில் இருந்த டாக்டர், காலை எடுத்துவிடலாம் என்றார். இவர் மாட்டேன் என்று, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து எழுந்து நடந்தார். இது 1912 ஏப்ரல். அதே 1912-ல், சில மாதத்துக்குள், மேரி பிரவுன் என்ற பெண்ணோடு ஜோடி சேர்ந்து அமெரிக்க சாம்பியன்ஷிப் கலப்பு இரட்டையர் பட்டத்தை வென்றார்! அறுத்தெறியச் சொன்ன கால்களோடு!

அவர் கணக்கு அதோடு முடியவில்லை. 1924 பாரிஸ் ஒலிம்பிக். ஹேசல் வைட்மேனோடு கலப்பு இரட்டையர் தங்கம். வில்லியம்ஸுக்குக் கணுக்கால் பிசகியிருந்தது. நீ வலைக்குப் பக்கத்திலேயே நில், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஹேசல் ஓடி ஓடி ஆடினார். அதன் பிறகு ஒலிம்பிக்கில் கலப்பு இரட்டையரையே தூக்கிவிட்டார்கள். திரும்ப வந்தது 2012 லண்டனில். 88 வருடம் அந்த ஜோடியின் பட்டத்தைப் பறிக்க ஆளே இல்லை!

பந்தயம் கட்டுகிறவர்களுக்கு ஒரு கதை. 1939 விம்பிள்டனில் பாபி ரிக்ஸ் என்ற அமெரிக்கர் முதன்முதலாக வந்து இறங்கினார். ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் மூன்றையும் நானே ஜெயிப்பேன் என்று தன்மேலேயே பணம் கட்டினார். மூன்றையும் ஜெயித்தார்! கலப்பு இரட்டையரில் அவர் ஜோடி ஆலிஸ் மார்பிள். அந்த அம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை, அதே வருடம் பெண்கள் பிரிவில் அவரும் மூன்றுக்கு மூன்று. இதே ரிக்ஸ்தான் 1973-ல் 55 வயதில் பெண்கள் டென்னிஸை மட்டம் தட்டிப் பேசி, பில்லி ஜீன் கிங்கோடு மோதி, நேர் செட்களில் தோற்றுப் போனவர்.

மூன்றையும் ஜெயித்தவர்களைச் சொல்லிவிட்டு மூன்றையும் தோற்றவரை விட்டால் பாவம். நெதர்லாந்தின் பெட்டி ஸ்டோவ், 1977 விம்பிள்டனில் ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் மூன்றிலும் இறுதிப் போட்டிக்குப் போனார். மூன்றிலும் தோல்வி! எனக்கு என்னவோ கோப்பை வாங்கியவர்களைவிட இந்த அம்மாவைத்தான் நேரில் பார்த்துப் பேச ஆசை.

இனி நம்மவர்கள். லியாண்டர் பயஸ் கல்கத்தா ஆள் என்றுதானே எல்லோருக்கும் தெரியும்? டென்னிஸ் பட்டறை எங்கே தெரியுமா? நம் மெட்ராஸ்! விஜய் அமிர்தராஜின் பிரிட்டானியா அமிர்தராஜ் பயிற்சி மையத்தில் 1985-ல், 12 வயதில் வந்து சேர்ந்தார். 2003 விம்பிள்டனில் அவர் பக்கத்தில் நின்ற ஜோடியின் வயது 46. மார்ட்டினா நவ்ரதிலோவா! எதிரில் ஆன்டி ராம், அனஸ்தேசியா ரோடியோனோவா. 6-3, 6-3. விம்பிள்டனில் மார்ட்டினாவுக்கு அது 20-வது பட்டம், பில்லி ஜீன் கிங்கின் சாதனைக்குச் சமம். அந்தச் சாதனையில் பாதிக் கை நம் ஆளுடையது. அடுத்த மாதமே பயஸ் மருத்துவமனையில். மூளையில் கட்டியோ என்று நாடே பதறியது. கடைசியில் ஒட்டுண்ணித் தொற்று என்று தெரிந்தது. பிழைத்து எழுந்து, மறு வருடம் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் பூபதியோடு ஆடினார்.

மார்ட்டினா நிறுத்தினாரா? 2006-ல், 50-வது பிறந்த நாளுக்கு ஒரு மாதம் இருக்கையில் பாப் பிரையனோடு அமெரிக்க ஓபன் கலப்பு இரட்டையரை வென்றுவிட்டுத்தான் மட்டையை வைத்தார்!

பயஸுக்கு அடுத்து வாய்த்த மார்ட்டினா, மார்ட்டினா ஹிங்கிஸ். (இரண்டு மார்ட்டினாவோடும் விம்பிள்டன் வென்ற ராசி இவருக்கு.) 2015 விம்பிள்டன் இறுதிப் போட்டி எத்தனை நிமிடம் நடந்தது தெரியுமா? 40! 6-1, 6-1. கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் நாளில் எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு சிக்னல் தாண்டுவதற்குள் ஒரு விம்பிள்டன் கோப்பை கைக்கு வந்துவிட்டது.

அதைவிடச் சுவை 2016 பிரெஞ்சு ஓபன் இறுதிப் போட்டி. பயஸ், ஹிங்கிஸ் ஒரு பக்கம். எதிர்ப்பக்கம் குரோஷியாவின் இவான் டோடிக், அவரோடு சானியா. இந்தச் சானியாவும் ஹிங்கிஸும் யார்? பெண்கள் இரட்டையரில் சேர்ந்து ஆடி மூன்று கிராண்ட்ஸ்லாம் வரிசையாக வென்ற ஜோடி, தொடர்ந்து 41 ஆட்டம் தோற்காத ஜோடி! இன்றைக்கு மட்டும் வலைக்கு எதிரும் புதிரும். ஒருவர் சர்வீஸ் எங்கே விழும் என்று மற்றவருக்குத் தூக்கத்திலும் தெரியும். 4-6, 6-4, கடைசியில் 10-8 என்று பயஸ் பக்கம் சாய்ந்தது. நான்கு கிராண்ட்ஸ்லாமிலும் கலப்பு இரட்டையர் வென்றவர் என்ற பெயர் பயஸுக்கும் ஹிங்கிஸுக்கும் ஒரே நாளில் வந்தது.

பூபதியின் பிறந்த தேதி ஞாபகம் இருக்கிறதா? 2012 ஜூன் 7. அதே பாரிஸ், அதே பிரெஞ்சு ஓபன், கலப்பு இரட்டையர் இறுதிப் போட்டி. பூபதிக்கு அன்று 38-வது பிறந்த நாள். சானியாவோடு சேர்ந்து 7-6, 6-1 என்று வென்றார். அவருடைய கடைசி கிராண்ட்ஸ்லாம் பட்டம் அதுதான். முதலாவதும் கடைசியும் ஒரே ஊரில், ஒரே ஆட்டத்தில், பதினைந்து வருட இடைவெளியில்!

ரோகன் போபண்ணாவை விட்டுவிட முடியாது. 2017 பிரெஞ்சு ஓபன் இறுதியில், கனடாவின் கேப்ரியலா டப்ரோவ்ஸ்கியோடு, தோற்க ஒரே புள்ளி பாக்கி என்ற நிலையை இரண்டு முறை தாண்டி வந்து 12-10 என்று ஜெயித்தார். 14 வயதில் சானியா முதன்முதலாகக் கலப்பு இரட்டையர் ஆடியபோது ஜோடி இந்தப் போபண்ணாதான். 2023-ல் ஆஸ்திரேலிய ஓபனில் சானியா தன் கடைசி கிராண்ட்ஸ்லாம் ஆட்டத்தை ஆடியபோதும் பக்கத்தில் நின்றது அவரே. அது இறுதிப் போட்டி; தோற்றார்கள்.

கோயம்புத்தூர் நிருபமா வைத்தியநாதனையும் சொல்ல வேண்டும். 1998 பாங்காக் ஆசியப் போட்டியில் பூபதியோடு சேர்ந்து கலப்பு இரட்டையர் வெண்கலம் எடுத்த தமிழ்ப் பெண். அதே வருடம் ஆஸ்திரேலிய ஓபனில் ஒற்றையர் ஆட்டம் ஒன்றையும் ஜெயித்துக் காட்டியவர்.

ஒரு விதி சொல்கிறேன், சூதாட்டம் மாதிரி இருக்கும். சில போட்டிகளில் ஒரு கேம் சமநிலைக்கு (டியூஸ்) வந்தால் இழுத்துக்கொண்டே போவதில்லை. ஒரே புள்ளி, எடுத்தவருக்குக் கேம். சாதாரண இரட்டையரில் அந்தப் பந்தை யார் வாங்குவது என்று எதிர் ஜோடி முடிவு செய்யலாம். கலப்பு இரட்டையரில் முடியாது! ஆண் சர்வீஸ் போட்டால் எதிரில் ஆண்தான் வாங்க வேண்டும், பெண் போட்டால் பெண்தான். ஆட்டத்தின் உயிர் ஊசலாடும் நொடியில் விதிப் புத்தகமே ஆளைக் குறிப்பிட்டு நிறுத்துகிறது.

பணம்? அதையும் கேட்டுவிடுங்கள். 2025 விம்பிள்டனில் ஒற்றையர் சாம்பியனுக்கு 30 லட்சம் பவுண்டு. கலப்பு இரட்டையர் சாம்பியன்களுக்கு, இரண்டு பேருக்கும் சேர்த்து, 1 லட்சத்து 35 ஆயிரம்! அமெரிக்க ஓபன்காரர்கள் அதே 2025-ல் வேறு ஒரு வேலை செய்தார்கள். 16 ஜோடி மட்டும், ஒற்றையர் நட்சத்திரங்களாகப் பார்த்துச் சேர்த்து, இறுதிப் போட்டி தவிர மற்றதெல்லாம் நான்கு கேமில் முடியும் குட்டிச் செட், இரண்டே நாள், பரிசு 10 லட்சம் டாலர். இரட்டையரையே பிழைப்பாக வைத்திருப்பவர்கள் கொதித்துப் போனார்கள். நட்சத்திரங்களுக்காக விரித்த பாயில் கடைசியில் கோப்பையோடு எழுந்தது யார் தெரியுமா? முந்தின வருடம் ஜெயித்த அதே இத்தாலிய இரட்டையர் ஜோடி, சாரா எர்ரானியும் ஆண்ட்ரியா வவசோரியும்! இறுதியில் அவர்களிடம் தோற்றது இகா ஸ்வியாடெக், காஸ்பர் ரூட் என்ற ஒற்றையர் நட்சத்திரங்கள். கைதட்டிச் சிரித்தேன்.

இவ்வளவும் சடையங்குப்பத்துக்கு எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் ஒரு நாளைக்கு நூறு தடவை டென்னிஸ் பந்து பறக்கிறது. எல்லாம் கிரிக்கெட்டுக்கு! விதிப்படி அந்தப் பந்தின் எடை 56 கிராமுக்குக் குறையக் கூடாது, 59.4-ஐத் தாண்டக் கூடாது; 100 அங்குல உயரத்திலிருந்து போட்டால் 53 முதல் 58 அங்குலம் எழும்ப வேண்டும். எங்கள் பிள்ளைகளிடம் இருக்கும் பந்து கால்வாயில் இரண்டு முறை விழுந்து எழுந்தது, எவ்வளவு எழும்பும் என்று சொல்ல மாட்டேன். ரப்பருக்கும் எங்கள் பக்கத்துக்கும் பழைய உறவு வேறு. 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்த கடைதான் இன்றைய எம்.ஆர்.எஃப். பலூன் டயர் ஆயிற்று, டயர் கம்பெனியின் பெயர் சச்சின் மட்டையில் ஏறிற்று. திறமைக்கும் குறைவில்லை. 2024 உலகக் கோப்பை கேரமில் தனி ஆட்டம், இரட்டையர், குழு என்று மூன்று தங்கம் வாங்கி வந்த காசிமா வடசென்னை ஆட்டோக்காரர் மகள்!

இல்லாதது இடம் ஒன்றுதான். அதற்கும் கணக்குப் போட்டுவிட்டேன். டென்னிஸ் கோர்ட்டின் நீளம் 78 அடி. ஒற்றையருக்கு அகலம் 27 அடி, மொத்தம் 2,106 சதுர அடி: ஒரு கிரவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. இரட்டையருக்கு அகலம் 36 அடி, 2,808 சதுர அடி: ஒரு கிரவுண்டுக்குக் கொஞ்சம் அதிகம். ஓடி நிற்க, பின்வாங்க இடம் விட்டால் 120 அடிக்கு 60 அடி. 7,200 சதுர அடி. சரியாக மூன்று கிரவுண்டு!

மாநகராட்சிக்கு ஒரு விண்ணப்பம்: மணலி மண்டலத்தில் மூன்று கிரவுண்டு ஒதுக்குங்கள், நடுவில் மூன்றடி உயரத்தில் ஒரு வலை கட்டுங்கள், நான்கு மட்டை வாங்கிப் போடுங்கள். இடத்தை மட்டும் கொஞ்சம் மேடாகப் பாருங்கள். புழல் திறந்தால் எங்களுக்குத் தண்ணீர் வரும்.